தோற்றவருக்கு ஒரு கோப்பை

டெல்லா விழுந்தது விடுதியின் காலைச் சாப்பாட்டு வரிசையில். எனக்கு முன்னால் தட்டோடு நின்றுகொண்டிருந்தவள், "அக்கா, என்னமோ காது அடைக்குது" என்றாள். நான் என்ன என்று கேட்பதற்குள் தரையில் கிடந்தாள். அவள் தட்டிலிருந்த பப்பாளித் துண்டு என் செருப்பின்மேல் வந்து விழுந்தது. பிறகு வாந்தி எடுத்தாள். காபித் தூளைக் கரைத்துக் கொட்டியதுபோலக் கறுப்பாக இருந்தது. ஆயுள் முழுக்க மாடு வளர்த்தவள் நான். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்ததும் என் தங்கை சொன்ன முதல் வார்த்தை, "எனக்கு ஒண்ணுமில்ல."

கனடாவில் எங்கள் சஸ்காச்சுவான் மாநிலத்தில் இது ஒரு வியாதி. அறுவடை இயந்திரத்தில் விரலை விட்டவன், "ஒண்ணுமில்ல, ஒரு துணி குடு" என்பான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்து ஊற்றுகிறவன், "இந்த லோடை மட்டும் இறக்கிட்டு வந்துடறேன்" என்பான். எங்கள் கெராபின் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பாதிப் பேர் 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தவர்கள்தான். டெல்லா முப்பது பனிக்காலம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். அவளிடம் அந்த வியாதி முற்றிப்போயிருந்தது.

ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, டிரைவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு நாளாவே கறுப்பாத்தான் போகுது அக்கா."

"ஏண்டி சொல்லல?"

"முந்தாநாள் படகுல போறதா இருந்துச்சு. எல்லாரும் சந்தோஷமா கிளம்பிட்டாங்க. நேத்து சொல்லலாம்னு பாத்தேன், நீ சீட்டுல ஜெயிச்சுக்கிட்டே இருந்த. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

முந்தின நாள் முழுக்க, அலுப்பாக இருக்கிறது என்று அறையிலேயே படுத்திருந்தாள். நானும் எங்கும் போகாமல் கட்டிலில் உட்கார்ந்து அவளோடு சீட்டாடினேன். அவள் தோற்றுக்கொண்டே இருந்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். டெல்லா சீட்டில் தோற்கிறவளே இல்லை.

அவள் கைப்பையைக் குடைந்தேன். முட்டி வலி மாத்திரை டப்பா இருந்தது, பெரிய டப்பா. முக்கால்வாசி காலி. இந்தக் கடற்கரைக்கு வந்ததும் மணலில் நடக்க வேண்டும், எல்லோரோடும் ஆட வேண்டும் என்று வேர்க்கடலை மாதிரி அள்ளிப் போட்டிருக்கிறாள். அதற்குமேல் சாயங்காலமானால் உப்புத் தடவிய கோப்பையில் டக்கீலா சாராயம் வேறு.

"நீ மட்டும் செத்துப் போனே, உன்னை நானே கொன்னுடுவேன்" என்றேன்.

"சரி" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரி சின்னது. ஆனால் சுத்தமாக இருந்தது. டாக்டர் இபார்ரா என்று ஒரு பெண். என் பேத்தி வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. வயிற்றுக்குள் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"புண்ணு பெருசு. ரத்தம் நிக்கல. அறுத்துத்தான் தைக்கணும். ஆனா உடம்புல இப்ப இருக்கிற ரத்தத்தை வச்சுக்கிட்டு என்னால கத்தியை எடுக்க முடியாது. ஏ நெகட்டிவ். இந்த ஊர்ல அது ரொம்ப அபூர்வம். எங்ககிட்ட இருந்தது ஒரே பை, அது இப்ப ஏறிக்கிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு வேணும்."

"வெளியில இருந்து வரவழைக்க முடியாதா?"

"தலைநகருக்குக் கேட்டிருக்கேன். நாளைக்கு வரலாம். உங்க தங்கச்சிக்கு நாளை வரைக்கும் நேரமில்ல. இங்கெல்லாம் நோயாளியோட ஜனங்கதான் ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிட்டு வருவாங்க. ஏ நெகட்டிவ், இல்லன்னா ஓ நெகட்டிவ். நேத்துலருந்து சாராயம் தொட்டிருக்கக் கூடாது. அறுபத்தஞ்சு வயசுக்கு மேல கூடாது."

நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். "நானும் ஏ நெகட்டிவ்தான். சாராயம் தொடல. இன்னும் பல்லுல தண்ணிகூடப் படல. எடுங்க."

டாக்டர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "உங்களுக்கு அறுபத்தெட்டு."

"அதனால?"

"சட்டம்மா."

"அம்மாடி, எங்க ஊர்ல போன அக்டோபர்லகூட என்கிட்ட எடுத்தாங்க. எடுத்து முடிச்சதும் நேரா வீட்டுக்குப் போய் கிடாரிக்குக் கன்னு இழுத்துப் போட்டேன். ரத்தம் என்ன ரொட்டியா, நாளானா பூசணம் பிடிக்க?"

அவர் சிரிக்கவில்லை. "ஆள் தேடுங்க. நேரத்தை இங்க வீணாக்காதீங்க."

அந்த நேரம் பார்த்து இன்ஷூரன்ஸ்காரர்கள் போனில் கூப்பிட்டார்கள். தேன் தடவிய குரலில் ஒரு பையன். நோயாளியைக் கனடாவுக்கே கொண்டுவர விமானம் ஏற்பாடு செய்வதாகவும், அதுவரைக்கும் அங்கே பெரிய சிகிச்சை எதற்கும் அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம் என்றும் சொன்னான். விமானம் எப்போது வரும் என்று கேட்டேன். நாளை மறுநாள் என்றான். "அப்ப சவப்பெட்டிக்கும் சேத்து இடம் போட்டுக்கோ தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டு, டாக்டர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது. அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு உதவியது.

டாக்ஸி பிடித்து விடுதிக்குத் திரும்பினேன். கெராபின் கர்லிங் ஆட்டக் குழு மொத்தமும் அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு பிப்ரவரியும் நாங்கள் கூட்டமாக இங்கே வந்து பத்து நாள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு போவோம். என் வீட்டுக்காரர் மட்டும் வரமாட்டார். கன்று ஈனும் காலத்தில் பசுக்களை விட்டுவிட்டு வருவதைவிட என்னை விட்டுவிடுவது அவருக்குச் சுலபம்.

யாருடைய ரத்தம் எந்த வகை என்பது எங்களுக்குள் ஒரு ரகசியமே இல்லை. ரத்தம் எடுக்கிற வண்டி எங்கள் கர்லிங் கூடத்துக்குத்தான் வரும். எல்லோரும் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, யார் அதிகம் கொடுத்தது என்று சண்டை போட்டுக்கொள்வோம். எங்கள் கூட்டத்தில் டெல்லாவுக்கு ஆகிற ரத்தம் என்னைத் தவிர இரண்டே பேருக்குத்தான். ஒருவன் கோர்டி. இன்னொருவன் ஆர்வில் ஸ்டெக்.

ஆர்வில் எங்கள் பக்கத்து நிலத்துக்காரன். அவனோடு நான் பேசி நாலு வருடம் ஆகிறது. காரணத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கர்லிங் என்பது ஐஸ்மேல் கல்லைச் சறுக்கவிட்டு, அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுகிற ஆட்டம். பார்க்கிறவர்களுக்கு வீடு பெருக்குகிற மாதிரி இருக்கும். இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் தோற்றவருக்கு ஒரு கோப்பை வாங்கித் தர வேண்டும். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கோப்பை காலியாகிற வரை எழுந்திருக்கக் கூடாது. அடுத்த சுற்று தோற்றவர் வாங்குவார். அப்பன் பிள்ளையை அடித்தாலும், அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனாலும், கர்லிங் கூடத்தில் இந்த வழக்கம் தவறாது. நாலு வருடத்துக்கு முன் ஊர்ப் போட்டியின் கடைசி ஆட்டத்தில், கடைசிக் கல்லில், நான் ஆர்விலைத் தோற்கடித்தேன். விஸ்கியோடு அவன் மேசைக்குப் போனேன். அவன் கோப்பையையும் என்னையும் பார்த்தான். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். ஊரே பார்த்தது. பொம்பளையிடம் தோற்றதைத் தாங்க முடியாத அற்பன் என்று ஊர் சொன்னது. ஊரை அப்படிச் சொல்ல வைத்ததில் எனக்கும் நல்ல பங்கு உண்டு.

நீச்சல் குளத்தில் பிங்கோ எண் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. தொப்பி வைத்த ஒரு பையன் மைக்கில் எண்களைக் கூவிக்கொண்டிருந்தான். குளத்து நடுவிலேயே இருக்கும் மதுக்கடையைச் சுற்றி, இடுப்பளவுத் தண்ணீரில், வடக்கிலிருந்து வந்த வெள்ளைத் தோல்கள் எல்லாம் வேகவைத்த நண்டு நிறத்தில் நின்றன. நான் பையன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"என் தங்கச்சி சாகக் கிடக்கறா. ஏ நெகட்டிவ், ஓ நெகட்டிவ் ரத்தம் யாருக்கு இருக்கு? கையைத் தூக்குங்க."

சத்தம் அடங்கியது. ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. நல்ல ஜனங்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உயர்ந்த ஒவ்வொரு கையிலும் ஒரு கோப்பை இருந்தது.

"நேத்துலருந்து குடிக்காதவங்க மட்டும்."

எல்லாக் கைகளும் இறங்கின.

கோர்டி தண்ணீரை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். கண் இரண்டும் தக்காளி. "இர்மா, என்னைக் கூட்டிட்டுப் போ. என் ரத்தம் ஒரு சொட்டு உள்ள போனா டெல்லா எழுந்து டான்ஸ் ஆடுவா."

"உன் ரத்தம் உள்ள போனா தீதான் பிடிக்கும். போய் உக்காரு." கோர்டி அழுதான். அவன் எப்போதும் சுலபமாக அழுபவன்.

ஆர்வில் குடை நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தான். கையில் உயரமான கண்ணாடிக் கோப்பை, அதில் ஐஸ், ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. வந்த நாளிலிருந்து அந்தக் கோப்பை அவன் கையை விட்டு இறங்கி நான் பார்க்கவில்லை. நான் அவனைக் கேட்கவே இல்லை. வேறு விடுதியில் போய்க் கேட்கலாம், கடற்கரை முழுக்க விடுதிகள்தானே என்று வாசலைப் பார்த்து நடந்தேன். மைக் கையிலேயே இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"இர்மா, நில்லு."

ஆர்வில் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். கோப்பையை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "மோந்து பாரு."

"விளையாடற நேரமா இது?"

"மோந்து பாருங்கறேன்."

மோந்தேன். வாங்கி ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். வெறும் சோடா. கொஞ்சம் கசப்பு, அவ்வளவுதான்.

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா ஒரு சொட்டு தொடல. வா போலாம். ஆனா தயவு பண்ணி யார்கிட்டயும் இதைச் சொல்லி வைக்காத."

அவனுடைய குரல் குளத்தின் நாலு மூலை ஸ்பீக்கர்களிலிருந்தும் திரும்பி வந்தது. சொல்லி வைக்காத, சொல்லி வைக்காத. இருவரும் என் கையிலிருந்த மைக்கைப் பார்த்தோம்.

குளமே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் வாயைத் திறந்தது கோர்டி. "நாலு வருஷமாவா? அப்ப நான் வாங்கிக் குடுத்ததெல்லாம்?"

ஆர்வில் முகம் காதுவரை சிவந்தது. திரும்பி ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் என் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

"கூடத்து மூலையில இருந்த செடி ஏன் செத்துச்சுன்னு கேட்டீங்களே, அதுலதான் எல்லாத்தையும் ஊத்தினேன். ஆமா, நான் குடிகாரனாத்தான் இருந்தேன். விட்டுட்டேன். யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா எழுதி வச்சுக்குங்க, வந்து கேட்டுக்கறேன். இப்ப எனக்கு வேலை இருக்கு." மைக்கைப் பிங்கோ பையனிடம் கொடுத்துவிட்டு, "பி பதினொண்ணாம் எண்ல நிறுத்தின, மேல கூவு" என்றான்.

டாக்ஸியில் ஏறினோம். எனக்குப் பேசாமல் இருக்க வராது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"யார்கிட்ட? உங்கிட்டயா? விடிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

"இப்ப மட்டும் என்னவாம்?"

"இப்ப மைக் வச்சுத் தெரிஞ்சிருக்கு" என்றான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான். "அன்னைக்கு நான் குடியை விட்டு மூணு நாள்தான் ஆயிருந்துச்சு, இர்மா. நீ விஸ்கியைக் கொண்டாந்து வைக்கிற. கையை நீட்டியிருந்தா குடிச்சிருப்பேன். குடிச்சிருந்தா இன்னைக்கு நான் இல்ல. தோத்தவன்னு சொல்லிட்டுப் போகட்டும், அற்பன்னு சொல்லிட்டுப் போகட்டும்னு எழுந்து போனேன்."

மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் ஊரில் கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம்கூட மன்னிப்புக் கேட்பார்கள், நான் கேட்க மாட்டேன். "சட்டை பட்டனைச் சரியாப் போடு, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

ஆர்விலின் ரத்தத்தை எடுத்தார்கள். அவன் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. நான் அதில் ஏறிப் படுத்துக் கையை நீட்டிக்கொண்டேன். நர்ஸ் கைகாட்டி இறங்கச் சொன்னாள். நான் இறங்கவில்லை. டாக்டர் இபார்ரா வந்தார்.

"அம்மா, உங்களுக்குச் சொல்லியாச்சு."

"ரெண்டு பை வேணும்னீங்க. ஒண்ணு கிடைச்சிருக்கு. இன்னொன்னு எங்கே?"

"தேடிக்கிட்டு இருக்கோம்."

"அது இந்தா இங்க படுத்திருக்கு. எனக்கு ரத்தக் கொதிப்பு இல்ல, சர்க்கரை இல்ல. சோதிச்சுப் பாருங்க. ஒண்ணு சரியில்லன்னாலும் நானே எழுந்து போயிடறேன். வயசு மட்டும்தான் காரணம்னா, அந்தக் காரணத்தை உள்ள படுத்திருக்கிற என் தங்கச்சி முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் ஆர்விலைப் பார்த்தார், என்னை அடக்க ஒரு ஆள் கிடைக்குமா என்பதுபோல.

"டாக்டர், போன வசந்தத்துல என் காளை சேத்துல மாட்டிக்கிச்சு" என்றான் ஆர்வில் படுத்தபடியே. "என்னோட பேச்சுவார்த்தை கிடையாது இவளுக்கு. இருந்தும் டிராக்டரோட வந்து, ஒரு வார்த்தை பேசாம இழுத்துப் போட்டுட்டு, ஒரு வார்த்தை பேசாம போனா. உங்க சட்டத்தைவிட அந்தக் காளைக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. அதுவே இவகிட்ட ஜெயிக்கல."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, டாக்டர் தன் பொறுப்பில் அனுமதிக்கலாம் என்று ஒரு வழி இருப்பதாகவும், இதுவரை அதை யாருக்கும் செய்ததில்லை என்றும் சொன்னார். என் ரத்த அழுத்தத்தை அவரே பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். விரலில் குத்தி எடுத்த சொட்டையும் சோதிக்க அனுப்பினார். முடிவு வந்ததும் நர்ஸிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நர்ஸ் ஊசியோடு வந்தாள். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். வலிக்கிறதா என்று சைகையில் கேட்டாள். வலிக்கவில்லை என்று தலையாட்டினேன். பை நிறைவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

மத்தியானம் டெல்லாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது அவள் முகம் காகிதமாக இருந்தது. என் பின்னால் ஆர்வில் நிற்பதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். "இவன் எப்படிக்கா இங்க?"

"பேசாம படு. அவன் ரத்தமும் என் ரத்தமும் இப்ப உனக்குள்ள ஒண்ணா உக்காரப் போகுது. சண்டை போடாம பாத்துக்க."

கதவு மூடிக்கொண்டது. அறுவை முடிய நேரமாகும் என்றார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தள்ளுவண்டியில் செம்பருத்திப் பூத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். ரத்தச் சிவப்பில், ஐஸ் போட்டு, இனிப்பாக. இரண்டு கோப்பை வாங்கினேன். உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆர்வில் முன்னால் ஒன்றை நீட்டினேன்.

"தோத்தவன் குடிக்கணும்."

அவன் கோப்பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அன்றைக்குப் பார்த்த அதே வரிசையில்தான். இந்த முறை கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

"அந்தக் கடைசிக் கல்லு உனக்கு அதிர்ஷ்டத்துல விழுந்துச்சு" என்றான்.

"திறமைல விழுந்துச்சு."

"ஐஸ்ல ஒரு மேடு இருந்துச்சு. நான் பாத்தேன்."

"நாலு வருஷமா யோசிச்சுக் கண்டுபிடிச்சது இதுதானா?"

குடித்தோம். ஊர்ப் பேச்சு பேசினோம், கோதுமை விலையைப் பேசினோம், கோர்டியைத் திட்டினோம். என் கோப்பையில் கடைசியாக ஒரு வாய் மிச்சம் இருந்தது. நான் அதைக் குடிக்கவில்லை. கோப்பை காலியானால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் அந்தக் கதவுப் பக்கம் போக வேண்டும். கதவு திறந்து டாக்டர் வந்து வாய்விட்டுச் சொல்கிற வரை இந்தக் கோப்பையை நான் முடிக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐஸ் முழுக்கக் கரைந்து, சிவப்பு வெளுத்து, கோப்பை என் கையில் சூடாகவே ஆகிவிட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆர்வில் கோப்பையிலும் ஒரு வாய் இருந்தது. அவனும் குடிக்கவில்லை.

வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. கதவு திறந்தது. டாக்டர் இபார்ரா தலையுறையை உருவிக்கொண்டே வந்தார். நான் எழவில்லை.

"தைச்சாச்சு. ரத்தம் நின்னுடுச்சு" என்றார். "கண்ணு முழிச்சுட்டாங்க. ஏதோ சொல்றாங்க, எங்க நர்ஸுக்குப் புரியல. நான்தான் கிட்டப் போய்க் கேட்டேன்."

"என்ன சொல்றா?"

"எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்றாங்க."

நான் அந்தக் கடைசி வாயைக் குடித்தேன். ஆர்வில் தன்னுடையதைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்துக் காலி என்று எனக்குக் காட்டினான். பிறகு எழுந்து வாசலைப் பார்த்து நடந்தான்.

"எங்க போற?"

"அடுத்த சுத்து என்னுது" என்றான்.